முகூர்த்த நேரத்தில் கல்யாண காரை முடக்கிய டிக்கித் தண்ணீர்! டிரைவர் மீது விழுந்த பழி நீங்கியது

சென்னை, நவ. 28–

முகூர்த்தத்துக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் மாப்பிள்ளை கார் படுத்துவிட்டது. கூரைப்புடவை டிக்கிக்குள் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை ஆட்டோவில் ஏறி மண்டபம் போய்ச் சேர்ந்தார்.

இதற்கெல்லாம் காரணம் டிரைவர் செய்த சதி என்று கார் உரிமையாளர் போலீஸ் நிலையம் வரை போனார். டிரைவருக்கு வேலையும் போனது.

ஆனால் உண்மையான "குற்றவாளி" யார் தெரியுமா? டிக்கியின் ஓரத்தில், கம்பளத்துக்குக் கீழே சத்தம் இல்லாமல் பதுங்கி இருந்த 3 விரற்கடைத் தண்ணீர்!

இது பற்றிய விவரம் வருமாறு:–

ஆட்டோவில் மாப்பிள்ளை

விருகம்பாக்கத்தைச் சேர்ந்த அந்த உரிமையாளர் 2 கார்களை வைத்துக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அதில் ஒன்று வெளிநாட்டுக் கம்பெனியின் பழைய சொகுசுக் கார். கூரையில் கண்ணாடி ஜன்னல் உண்டு. பொண்ணு மாப்பிள்ளை அதில் எழுந்து நின்று கையை ஆட்டி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதற்காகவே அந்தக் காருக்குக் கிராக்கி அதிகம்.

ஐப்பசி மாத முகூர்த்தம் ஒன்றுக்கு அந்தக் கார் பேசப்பட்டது. கோடம்பாக்கத்தில் ஒரு லாட்ஜில் மாப்பிள்ளை வீட்டார் தங்கி இருந்தார்கள். வடபழனியில் மண்டபம். முந்தின நாள் இரவு 10 மணிக்கே கூரைப்புடவைப் பெட்டி, வெள்ளித் தட்டு, பழக்கூடை எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றிப் பூட்டி விட்டார்கள். இரவு முழுவதும் நல்ல மழை.

விடிகாலை 4 மணிக்கு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். டிரைவர் பட்டனை அழுத்தினார். "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! விளக்கும் எரியவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை.

டிக்கியைத் திறக்கப் பார்த்தார்கள். திறக்கவில்லை. அந்த டிக்கியின் பூட்டு கரண்டில் வேலை செய்வது. கரண்டு கொடுக்க வேண்டிய பேட்டரியோ டிக்கிக்குள்ளேயே இருக்கிறது!

மாப்பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். பிறகு பின் சீட்டை மடக்கி, ஒல்லியான ஒரு பையனை உள்ளே நுழைய விட்டுக் கூரைப்புடவைப் பெட்டியை வெளியே எடுத்தார்கள். "அண்ணே, பெட்டிக்கு அடியில ஈரமா இருக்கு" என்று அந்தப் பையன் அப்போதே சொல்லி இருக்கிறான். தண்ணீர் பாட்டில் ஏதோ உடைந்திருக்கும் என்று யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நல்ல வேளையாக முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் வாடகைப் பணம் முழுவதையும் உரிமையாளர் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

டைரியில் கணக்கு

கார் படுத்தது அது முதல் தடவை அல்ல. 2 மாதத்தில் 3-வது தடவை! இரண்டு முறை புது பேட்டரி மாற்றியும் பலன் இல்லை.

உரிமையாளர் எல்லாவற்றையும் டைரியில் குறித்து வைப்பவர். அதைப் புரட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் ஒரு விஷயம் ஒத்துப் போனது. முதல் 2 தடவை மழையே இல்லை. ஆனால் 3 தடவையும் முந்தின நாள் டிரைவர் காரைக் கழுவி இருக்கிறார்!

"இவன் கழுவற சாக்குல ஏதோ ஒயரைப் பிடுங்கி விடுறான். வேற கம்பெனிக்காரன் கிட்ட காசு வாங்கி இருப்பான்" என்று உரிமையாளர் முடிவு கட்டினார். 4 வருடம் வேலை பார்த்த டிரைவரை அன்றே அனுப்பி விட்டார். மறுநாள் புகார் மனுவோடு போலீஸ் நிலையம் வந்தார்.

அன்றாடச் செய்தி சேகரிக்கப் போயிருந்த நான் அங்கே இருந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் மனுவை இரண்டு முறை படித்தார். "ஏங்க, கார் கழுவினான்னு ஒருத்தன் மேல கேஸ் போட முடியுமா? முதல்ல நல்ல எலக்ட்ரீசியன் கிட்ட வண்டியைக் காட்டுங்க. ஒயரை அறுத்திருக்கான்னு அவர் சொன்னா அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

விடுவேனா? நானும் கூடவே கிளம்பினேன்.

புதுப்பேட்டையில் "போஸ்ட்மார்ட்டம்"

புதுப்பேட்டையில் 60 வயதைத் தாண்டிய ஒரு எலக்ட்ரீசியன். எல்லோருக்கும் அவர் "பாய்". அம்பாசடர் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். இப்போது கம்ப்யூட்டர் மாட்டிக் கார் பார்க்கிறார்.

காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டிக்கியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். "கம்ப்யூட்டரே வேணாம் சார். ஈரச் சாக்கு வாடை அடிக்குது பாருங்க" என்றார்.

கம்பளத்தைத் தூக்கினார். ஸ்டெப்னி இருக்கும் குழியில் தண்ணீர் இல்லை. வலது பக்க ஓரத்து மூடியைக் கழற்றினார். அங்கே ஒரு பள்ளம். அதற்குள் 3 எலக்ட்ரானிக் பெட்டிகள். அடியில் இருந்த பெட்டி பாதி தண்ணீரில் மூழ்கி இருந்தது! அதன் சாக்கெட்டைப் பிடுங்கிக் காட்டினார். செப்பு முனைகளில் பச்சை பச்சையாகக் களிம்பு. இரண்டு முனைகள் தின்னப்பட்டே போயிருந்தன.

"ஒயரை யாரும் அறுக்கலை சார். தண்ணிதான் அறுத்திருக்கு" என்றார் பாய்.

டிக்கியில் என்ன வேலை?

என்ஜின் சம்பந்தப்பட்ட பெட்டிகளுக்கு டிக்கியில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் காலத்துக் காரில் டிக்கி என்றால் ஸ்டெப்னியும் ஜாக்கியும்தான். இப்போது அப்படி இல்லை.

என்ஜின் பக்கம் இடமும் இல்லை, சூடும் அதிகம். காரின் முன்பக்கம் கனம் கூடாமல் இருக்கப் பல சொகுசுக் கார்களில் பேட்டரியையே பின்னால் வைத்து விடுகிறார்கள். பின் விளக்கு, பெட்ரோல் பம்பு, ரிவர்ஸ் காமிரா, பார்க்கிங் சென்சார், பாட்டுப் பெட்டியின் ஆம்ப்ளிபயர் ஆகியவற்றை ஆட்டி வைக்கும் பெட்டிகளும் பியூஸ் பெட்டியும் பல கார்களில் டிக்கி ஓரத்திலோ, அடிப் பள்ளத்திலோதான் இருக்கின்றன.

டிக்கி எப்போதும் காய்ந்தே இருக்கும் என்ற நம்பிக்கையில் வைக்கப்படும் பெட்டிகள் இவை. வெளியே மாட்டும் கருவிகளுக்கு "ஐ.பி. 67" போன்ற தரக் குறி இருக்கும். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அதற்கு அர்த்தம். டிக்கிக்குள் இருக்கும் பல பெட்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ராத்திரியில் கரண்டு திருட்டு

தண்ணீர் பட்டால் பெட்டி உடனே எரிந்து போய்விடும் என்பது இல்லை. அதற்கு முன்பே அது வேறு ஒரு வேலை செய்கிறது.

காரைப் பூட்டிய சிறிது நேரத்தில் இந்தப் பெட்டிகள் எல்லாம் தூங்கப் போக வேண்டும். ஆனால் நனைந்த பெட்டி தூங்காது. ஒயர் வழியாக மற்றப் பெட்டிகளையும் எழுப்பிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுவதும் பேட்டரியைக் குடிக்கும்.

பாய் மீட்டரை வைத்துக் காட்டினார். பூட்டி வைத்த காரிலே 2 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கான காரில் ஓட வேண்டியது சுமார் 0.05 ஆம்பியர்தான்.

கணக்கைப் பாருங்கள். 80 ஆம்பியர்-மணி பேட்டரி 0.05 ஆம்பியரில் 1,600 மணி நேரம், அதாவது 2 மாதத்துக்கு மேல் தாங்க வேண்டும். 2 ஆம்பியரில் 40 மணி நேரத்தில் காலி! அதில் பாதி தீர்ந்தாலே பழைய கார் ஸ்டார்ட் ஆகத் திணறும். எத்தனை புது பேட்டரி மாற்றினாலும் இதே கதிதான்.

ஈரத்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஹூண்டாய் பாலிசேட், கியா டெல்லூரைட் ஆகிய கார்கள் சுமார் 2 லட்சத்து 81 ஆயிரம் திரும்ப அழைக்கப்பட்டன. காரின் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கிக்கான மின் கருவியில் அழுக்கும் ஈரமும் சேர்ந்து ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பதே காரணம். கோளாறு சரி செய்யப்படும் வரை வீட்டை ஒட்டி நிறுத்தாமல் தள்ளி நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது.

"திருடன்" வந்த வழி

தண்ணீர் எப்படி உள்ளே வந்தது? பாய் ஒரு சோதனை செய்தார். டிக்கியைத் துடைத்துக் காய வைத்தார். பள்ளத்தின் ஓரத்தில் முகப் பவுடரைத் தூவினார். பின் சீட்டை மடக்கி, கையில் டார்ச்சைக் கொடுத்து என்னை உள்ளே உட்கார வைத்தார். "தம்பி, கண்ணு சிமிட்டாமப் பாருங்க" என்றார்.

வெளியே பையன் ஹோஸ் பைப்பைத் திறந்தான். முதலில் கீழே, பம்பர் அருகில். பிறகு பின் விளக்கு. பிறகு டிக்கி மூடியின் ரப்பர் பீடிங். பிறகு பின் கண்ணாடி. ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிடம். கீழிருந்து மேலே போக வேண்டுமாம். மேலே முதலில் ஊற்றினால் எந்த ஓட்டை என்று கண்டுபிடிக்க முடியாது.

இது வரை உள்ளே ஒரு சொட்டு இல்லை. பிறகு கூரைக் கண்ணாடி மேல் ஊற்றினான். 4-வது நிமிடம். வலது பக்கத் தூணுக்குள் இருந்து பவுடரில் ஒரு கோடு விழுந்தது. சொட்டு... சொட்டு... நேராகப் பெட்டியின் தலையில்!

"வருது பாய்!" என்று நான் கத்தியதில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்து விட்டார்கள்.

ரோஜா இதழும் ஜிகினாவும்

கூரைக் கண்ணாடியைச் சுற்றி உள்ள ரப்பர் எல்லாத் தண்ணீரையும் தடுத்து விடாது. கொஞ்சம் உள்ளே வரும். அதைப் பிடிக்க உள்ளே ஒரு தகரத் தொட்டி போன்ற அமைப்பு. அதன் மூலைகளில் இருந்து குழாய்கள் தூண்களுக்குள் இறங்கித் தண்ணீரைக் காருக்கு வெளியே விட்டு விடும். அந்தக் குழாய் அடைத்தால் தண்ணீர் வழிந்து காருக்குள் இறங்கும். பின் குழாய் என்றால் டிக்கிக்குத்தான் வரும்.

பாய் மெல்லிய நைலான் நரம்பை அந்தக் குழாய்க்குள் மெதுவாக விட்டார். காற்று அடிக்கவில்லை. வேகமாகக் காற்று அடித்தால் குழாய் உள்ளேயே கழன்று கொள்ளுமாம். நரம்பை ஆட்டி ஆட்டி இழுத்தார்.

வெளியே வந்ததைப் பார்த்து உரிமையாளர் வாயடைத்துப் போனார். அழுகிய ரோஜா இதழ்கள்! மல்லிகை நார்! கூடவே ஜிகினாத் துகள்!

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் காரின் மேல் பூ அலங்காரம். கல்யாணம் முடிந்ததும் ஒட்டிய பூவையும் டேப்பையும் எடுக்க ஹோஸ் பைப் வைத்துக் கழுவ வேண்டும். அதுதான் டிரைவரின் வேலை. அவர் கழுவிய தண்ணீர் அடைத்த குழாயில் போக முடியாமல் டிக்கிக்குள் இறங்கி இருக்கிறது. ராத்திரி பேட்டரி காலி. மறுநாள் கார் படுத்து விட்டது. கடைசித் தடவை மழைத் தண்ணீரும் சேர்ந்து கொண்டது.

உரிமையாளரின் டைரிக் கணக்கு சரிதான். அவர் போட்ட தீர்ப்புதான் தப்பு!

என்ன செய்ய வேண்டும்?

வாசகர்களுக்காகப் பாய் சொன்ன யோசனைகள் இவை:–

★ முதலில் ஓட்டையை அடையுங்கள். பிறகுதான் பெட்டியைப் பாருங்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் ஒரு லட்சத்துக்குப் புதுப் பெட்டி மாட்டினாலும் அடுத்த மழையில் அதுவும் போகும்.

★ கூரைக் கண்ணாடி இல்லாத காரிலும் தண்ணீர் வரும். பின் விளக்கின் பின்னால் உள்ள வாசர், டிக்கி ரப்பர் பீடிங், கூரையில் உள்ள ஏரியலின் அடிப்பாகம், டிக்கி மூடிக்கு ஒயர் போகும் ரப்பர் குழாய், பின் பம்பருக்கு உள்ளே காற்று வெளியேற வைத்திருக்கும் ரப்பர் மடல்கள் ஆகிய எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். மோதி டிங்கர் வேலை பார்த்த கார் என்றால் தகரத்தின் இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

★ மரத்தடியில் நிறுத்தும் காரில் டிக்கி ஓரத்துக் கால்வாயில் இலை, பூ, சருகு அடைக்கும். வாரம் ஒரு தடவை கையாலேயே வழித்து எடுங்கள்.

★ பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள். பலர் செய்கிற தப்பு இது. உள்ளே வேர்த்து, அந்த ஈரம் வெளியே போக முடியாமல் பெட்டியைத் தின்று விடும்.

★ இடம் இருந்தால் பெட்டியைத் தரையில் இருந்து 2 அங்குலமாவது தூக்கி மாட்டுங்கள். சாக்கெட் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒயரைப் பெட்டிக்குக் கீழே தொங்க விட்டு மேலே வளைத்து மாட்டினால், ஒயர் வழியே இறங்கும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விடும், சாக்கெட்டுக்குள் போகாது.

★ ஓட்டை அடைக்கக் கண்ட சிலிக்கான் பசையை வாங்காதீர்கள். வினிகர் வாடை அடிக்கிற ரகம் காயும்போது அமிலம் விடும். அது தகரத்தையும் செப்பையும் அரிக்கும். அந்த வாடை இல்லாத "நியூட்ரல்" ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

★ நனைந்த பெட்டியைத் தொடும் முன்பு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டிக்கிக்குள் பேட்டரி இருந்தால், கழற்றிய பிறகு டிக்கியை மூடி விடாதீர்கள். திறக்க முடியாமல் போகலாம். இப்படிப்பட்ட கார்கள் பலவற்றில் பானெட்டுக்குக் கீழே கரண்டு கொடுக்கத் தனி முனைகள் உண்டு. அது எங்கே என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

★ அரிசிக்குள் புதைப்பது வீண். பெட்டியைத் திறந்து ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டு மெல்லிய பிரஷ்ஷால் கழுவிக் காய வைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே கரண்டு கொடுக்க வேண்டும்.

★ ஹைப்ரிட் கார், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் கையை எடுத்து விடுங்கள். உயிருக்கு ஆபத்தான மின்சாரம் அது. கம்பெனி ஆட்கள் மட்டுமே தொட வேண்டும்.

இன்சூரன்ஸ் வருமா?

"இன்சூரன்ஸ் இருக்கே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெள்ளம், புயல் ஆகியவற்றால் காருக்கு ஏற்படும் சேதம் முழு இன்சூரன்ஸ் பாலிசியில் அடங்கும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் அதுவும் இல்லை.

ஆனால் சொட்டுச் சொட்டாகக் கசிந்து மாதக் கணக்கில் அரித்த சேதம் வெள்ளம் ஆகாது. தேய்மானத்தையும் மின் கோளாறையும் பாலிசி விலக்கி வைத்திருக்கிறது. அதைக் காட்டிக் கையை விரித்து விடுவார்கள். செலவு முழுக்க உங்கள் தலையில்தான்!

பழைய கார் வாங்குவோர் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின் போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போனதை நாடே பார்த்தது. அப்படி நனைந்த கார்கள் பெயிண்ட் பளபளப்போடு விற்பனைக்கு வரலாம்.

பேரம் பேசும் முன்பு டிக்கிக் கம்பளத்தைத் தூக்குங்கள். ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். குழியில் வண்டல் மண் இருக்கிறதா, ஜாக்கி துருப்பிடித்திருக்கிறதா, சாக்கெட் முனைகளில் பச்சைக் களிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். சீட் பெல்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள்!

மீண்டும் வேலை

புதுப்பேட்டைப் பட்டறையிலேயே உரிமையாளர் செல்போனை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு டிரைவருக்குப் போன் போட்டார்.

வேலை போன 11 நாளில் அந்த டிரைவர் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். வேறு எந்த டிராவல்சும் அவரைச் சேர்க்கவில்லை. "முதலாளி வண்டியில கை வச்சவன்" என்ற பேச்சு அதற்குள் பரவி விட்டது. பெண் பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்துக்கு மனைவியின் கம்மலை அடகு வைத்திருந்தார்.

ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். உரிமையாளர் அந்த ரோஜா இதழ்களை ஒரு பேப்பரில் வைத்து அவர் முன்னால் நீட்டினார். "தப்பு என் மேலதாம்ப்பா. நாளைக்கே வேலைக்கு வந்துடு" என்றார்.

டிரைவர் கண் கலங்கி விட்டது. "வண்டி சுத்தமா இருக்கணும்னுதான் முதலாளி தண்ணி ஊத்திக் கழுவினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே டிக்கியைத் தூக்கிப் பார்த்திருப்பேனே" என்றார். உரிமையாளர் பதில் பேசவில்லை.

கெட்டுப் போன பெட்டிக்குப் பதிலாக அதே நம்பர் உள்ள பழைய பெட்டி ஒன்றைப் பாய் தேடிப் பிடித்து மாட்டினார். ராத்திரிக் கரண்டு 0.05 ஆம்பியருக்கு இறங்கியது. கார்த்திகை முகூர்த்தம் ஒன்றுக்கு அந்தக் கார் போய் நல்லபடியாகத் திரும்பி வந்து விட்டது.

இப்போது பூ கட்டுகிறவரிடம் கண்டிஷன். கூரைக் கண்ணாடியைச் சுற்றி முதலில் பேப்பர் ஒட்ட வேண்டும். அதன் பிறகுதான் பூ. கழுவி முடித்ததும் டிரைவர் டிக்கி ஓரத்தில் கையை விட்டுப் பார்க்கிறார். காய்ந்திருந்தால் உரிமையாளரின் டைரியில் அவரே ஒரு "டிக்" போடுகிறார்.

மழைக்காலம் இன்னும் முடியவில்லை. கார் வைத்திருப்பவர்கள் இன்று வீடு போய்ச் சேர்ந்ததும் டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் மறுநாள் காலையிலேயே பட்டறைக்கு விடுங்கள்.